கை வைத்தவருக்கே ரோடு

நீங்கள் நம் துறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தார் பற்றியோ ஜல்லி பற்றியோ யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. "இது யாரு ரோடு?" என்றுதான் கேட்பார்கள். நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று மார்தட்டுகிற ஆளை நம்பாதீர்கள். அவர் ஒன்று மழைக்காலத்தில் ஆபீசை விட்டு வெளியே வராதவராக இருப்பார், இல்லையென்றால் புரமோஷனுக்குக் காத்திருப்பவராக இருப்பார்.

வெளியே இருக்கிறவர்களுக்கு ரோடு என்றால் ரோடுதான். நமக்கு அதில் படிகள் உண்டு. கீழ்ப்படியில் ஊராட்சி ரோடு. அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியத்தின் ரோடு, பேச்சில் யூனியன் ரோடு. அதற்கும் மேலே நம் துறையின் இதர மாவட்டச் சாலை, அப்படியே ஏறினால் மாநில நெடுஞ்சாலை. கீழே கிடப்பதை மேலே ஏற்றித் தாருங்கள் என்று உள்ளாட்சிக்காரர்கள் தீர்மானம் போட்டு அனுப்புவார்கள். ஊராட்சி தீர்மானம், யூனியன் தீர்மானம், கலெக்டர் ஆபீஸ், நம்முடைய ஆய்வு, பிறகு சென்னை. அரசாணை வந்தால்தான் ரோடு நம் கைக்கு வந்ததாக அர்த்தம். விதியில் குழப்பமே கிடையாது. தீர்மானம் போன நாளுக்கும் அரசாணை வருகிற நாளுக்கும் நடுவில் மழை பெய்கிறதே, அங்கேதான் எல்லாக் குழப்பமும்.

ஒரு மழையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மதுரைக்கு மேற்கே, வயலும் கண்மாயுமாகக் கிடக்கிற பக்கம். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து அந்த ஊரோடு முடிந்துபோகிற யூனியன் ரோடு. நடுவில் ஒரு தாம்போதி, அதாவது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் ரோட்டுக்கு மேலேயே ஓடிப் போகட்டும் என்று தாழ்வாகக் கட்டிய தரைப்பாலம். அடியில் சிறு தண்ணீருக்கு ஒரு குழாய். காலையிலும் சாயங்காலமும் அந்த ரோட்டில் ஒரு டவுன் பஸ் வரும்.

ஊராட்சித் தலைவர் பெயர் செல்லத்தாயி. தலைவராவதற்கு முன்னால் அதே பஸ்ஸில் ஏறி மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்குப் பருப்பு புடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. கடை, துணிக்கடை, ஆஸ்பத்திரி, வீட்டு வேலை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்று ஆன பிறகு, வீட்டுக்காரனிடம் கை நீட்டாமல் வெளியே கிளம்பலாம் என்ற தெம்பு வந்திருந்தது. பஸ் நின்றால் ஷேர் ஆட்டோ. ஆட்டோவுக்குக் கொடுத்துப் போனால் கூலியில் பாதி வழியிலேயே போய்விடும், வேலைக்குப் போவதே வீண் என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். செல்லத்தாயிக்கு இது மனப்பாடம். "ரோட்டை நெடுஞ்சாலைக்கு ஏத்திவிடுவேன், பஸ்ஸை நிக்கவிட மாட்டேன்" என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்.

சொன்னபடியே தீர்மானம் போட்டார். யூனியனும் போட்டது. இங்கேதான் கூத்து. தீர்மானம் கையெழுத்தான மறுநாளே, "நாங்கள் கொடுத்துவிட்டோம்" என்று யூனியன் அந்த ரோட்டைத் தன் பராமரிப்பு வேலைகளிலிருந்து எடுத்துவிட்டது. பெண்ணைப் பேசி முடித்த அன்றைக்கே சோற்றை நிறுத்தின கதை. எங்கள் பக்கம் கோப்பு சென்னைக்குப் போயிருந்தது. அரசாணை வராத ரோட்டில் நாங்கள் எப்படிக் கை வைப்பது?

அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து தாம்போதியின் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. டூவீலர் போகலாம். பஸ் போனால் பின்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். டிரைவர் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். டிப்போ மேனேஜரிடம் செல்லத்தாயி போய் நின்றார். மேனேஜரும் கெட்டவர் இல்லை. "ரோட்டுக்காரங்க சரி பண்ணி எழுதிக் கொடுக்கட்டும்மா, மறுநாளே பஸ் விடுறேன். அதுவரைக்கும் டிரைவர் உசுருக்கு நாந்தான பொறுப்பு? மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் அந்தப் பஸ்ஸை வேற ரூட்டுக்கு மாத்திருவாங்க" என்று சொல்லிவிட்டார். வேறு ரூட்டுக்குப் போன பஸ் திரும்பி வந்த சரித்திரம் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

கூட்டு ஆய்வு போட்டார்கள். யூனியன் இன்ஜினியரும் நானும் ரோட்டை ஒன்றாக நடந்து பார்க்க வேண்டும். இந்த ஆய்வில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு, எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். ரோட்டில் இரண்டு தரப்பும் கை வைக்காது. குழியில் ஒரு கல்லைக்கூடத் தள்ளிவிட மாட்டோம். ஒரு கூடை மண் போட்டாலும் போட்டவருக்கு ரோடு சொந்தம் என்று எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும். அதன்படி அரிப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு முள்கிளை நடுரோட்டில் விழுந்து கிடந்தது. இரண்டு அரசு அதிகாரிகளும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். வெட்கக்கேடு.

"மேடம், நாங்க கொடுத்தாச்சு. தீர்மானம் இருக்கு" என்றார் யூனியன் இன்ஜினியர்.

"நாங்க இன்னும் வாங்கலையே சார். அரசாணை எங்க?" என்றேன் நான்.

"கொடுத்தது கொடுத்ததுதான மேடம்?"

"வாங்குனாத்தான் சார் கொடுத்ததுக்குக் கணக்கு."

செல்லத்தாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வேலைக்குப் போக முடியாத பெண்கள் ஒரு கூட்டம். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் படிச்சவுக. ஒங்க சட்டமெல்லாம் எனக்கு வேணாம். யாராச்சும் ஒருத்தர் இது என் ரோடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னவுக கால்ல விழுகுறேன்" என்றார். நாங்கள் இருவரும் தாம்போதித் தண்ணீரைப் பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

விதியைக் கேட்டால் யூனியன் செய்ததுதான் தப்பு. ஒப்படைப்பு முடிகிற வரைக்கும் கொடுக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதை எழுத்தாகவும் அனுப்பினேன். அதற்கு அவர்கள் வேறொரு விதியைக் காட்டிப் பதில் அனுப்பினார்கள். அந்தப் பதிலைப் படித்தபோது, அதுவும் சரி போலத்தான் எனக்குத் தோன்றியது! மாசக் கடைசியை நோக்கி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லத்தாயி ஊரைக் கூட்டிவிட்டார். டிராக்டரில் இடிந்த வீட்டுச் செங்கல், கருங்கல், மண். பெண்கள் சட்டியோடு வரிசையாக நின்றார்கள். மத்தியானத்துக்குள் அரிப்பை அடைத்து மேலே பலகைக் கல்லும் பரப்பிவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று கத்தினேன்.

"யாரைக் கேக்கணும்னு சொல்லுங்க மேடம், அவுகளைக் கேட்டுட்டே செஞ்சிருப்பேன்" என்றார் அவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "இனிமே எவுக வந்து என்னைய அதட்டுறாகளோ, அவுக ரோடுன்னு தெரிஞ்சுக்கிறேன். அதுக்குத்தான் செஞ்சதே."

நான் ஆடிப்போனேன். அது தெரிந்து சொன்னதா, வாய்க்கு வந்ததா, அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தார். குடித்தேன்.

திங்கட்கிழமை யூனியன் இன்ஜினியர் போன் போட்டார். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா மேடம், ஊராட்சியே வேலை பாத்துருச்சு. அப்ப அது ஊராட்சி ரோடுதான? எங்களுதும் இல்ல, ஒங்களுதும் இல்ல. பிரச்சினை முடிஞ்சது!" மேலே ஏற்றக் கேட்ட ரோடு ஒரே நாளில் அடிப்படிக்குப் போய்விட்டது. ஊராட்சி ரோடு என்று ஆனால் டிப்போக்காரர் ஊராட்சியின் எழுத்தை ஏற்பாரா? மாட்டார். தலைவர் பொறியாளர் இல்லையே. அம்புட்டுதான், எல்லாம் பாழ் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

அதோடு விட்டதா? தாம்போதிக்கு மேல்பக்கம் வயல் வைத்திருக்கிற ஒருவர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். அவசரத்தில் கல்லைக் கொட்டியபோது அடியில் இருந்த குழாய் வாய் அடைபட்டுப் போயிருந்தது. மறுகால் ஓய்ந்த பிறகும் சிறு தண்ணீர் வடியாமல் அவர் நெற்பயிரில் நின்றது. அவர் சொன்னதும் நியாயம்தானே? போட்டோவோடு கொடுத்திருந்தார். கலெக்டர் ஆபீஸிலிருந்து என் மேலதிகாரியான கோட்டப் பொறியாளருக்குப் போன். நெடுஞ்சாலைக்கு மாற்றக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிற ரோட்டில் எவரோ வேலை பார்த்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று.

அவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துப் போன் வந்தால் கைகால் பதறிவிடும். "அந்தத் தலைவர் மேல உடனே நோட்டீஸ் அனுப்புங்க. அனுமதி இல்லாம ரோட்டுல கட்டுமானம், நீர்வழி அடைப்பு, சேதம், எல்லாத்தையும் போடுங்க. இன்னைக்கே போகணும். கலெக்டர் ஆபீஸுக்கு நாம நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லணும்" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நோட்டீஸ் அனுப்புவது என்றால், ரோடு நம்முடையது என்று எழுதுவது. நம்முடையது இல்லாத ரோட்டில் கல் போட்டதற்கு நாம் எப்படி நோட்டீஸ் கொடுப்பது? இதை மேலதிகாரியிடம் எடுத்துச் சொன்னால் நோட்டீஸ் நிற்கும். செல்லத்தாயிக்கு ஒரு கெடுதலும் வராது. பஸ்ஸும் வராது. சொல்லாமல் அனுப்பினால் ரோடு எங்கள் கழுத்துக்கு வரும். பஸ் வரலாம். ஆனால் முதல் முறை தலைவரான ஒரு பெண் பெயரில் அரசு நோட்டீஸ். பதவிக்கே ஆபத்து வந்தாலும் வரலாம், அவரைப் பிடிக்காத ஆட்கள் ஊரில் இல்லாமலா இருப்பார்கள்? எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு பக்கம் இடித்தது. எதிரே மேலதிகாரி பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "சார், நம்ம ரோடுன்னு போட்டு அனுப்பவா?"

"பின்ன யார் ரோடுன்னு போடுவீங்க? கேக்குறதப் பாரு" என்றார்.

போட்டு அனுப்பினேன்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் செல்லத்தாயி என் ஆபீஸுக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. தாம்போதியில் என்னைச் சிரித்து மடக்கிய ஆள் இவர்தானா என்று இருந்தது. "எங்க வீட்டுக்காரரு ராத்திரி சோறு திங்கல மேடம். பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பதவின்னு மாமனாரு பேசுறாரு. என்னையப் புடிச்சு உள்ள போட்டுருவாகளா? நான் என்ன களவா பண்ணிட்டேன்?" என்றவர் உடைந்து அழுதார்.

சுற்றிலும் என் ஆபீஸ் ஆட்கள். நான் என்ன சொல்ல முடியும்? உங்கள் மேல் நடவடிக்கை எடுத்த அதிகாரியே உங்களுக்கு யோசனையும் சொன்னார் என்று நாளைக்கு ஒருவன் எழுதிப் போட மாட்டானா? தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

பிறகு கேட்டேன். "டிப்போவுல ஒங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"அதை எதுக்கு மேடம் இப்பக் கேக்குறீக? எந்தலையில கல்லப் போட்டுட்டு..."

"சொல்லுங்க. என்ன கேட்டாங்க?"

"ரோடு யாருதுன்னு கேட்டாரு. ரோட்டுக்காரவுக சரி பண்ணி எழுதித் தரணும்னாரு." சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். "ஏன் மேடம்... அப்ப இது ஒங்க ரோடா?"

"நோட்டீஸ்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் டிப்போவுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தவர், வந்த வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போனார். நான் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிப்போ மேனேஜர் அந்த நோட்டீஸைக் குறிப்பிட்டு எங்கள் கோட்டப் பொறியாளருக்கே எழுதிவிட்டார். உங்களுடைய ரோட்டில் பஸ் போகலாமா, தாம்போதி பத்திரமா, உடனே தெரிவிக்கவும். அதே வாரத்தில் வயல்காரரும் வந்து நின்றார். உங்கள் ரோட்டுக் குழாய் அடைத்து என் பயிர் அழுகுகிறது, எப்போது எடுத்துவிடுவீர்கள்? எங்கள் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!" என்று என்னைப் பார்த்து ஒரு சத்தம். "நீங்க சொன்னதைத்தான சார் செஞ்சேன்" என்றேன்.

நம் ரோடு என்று எழுதிவிட்டோம். பஸ் போகக்கூடாது என்று பதில் அனுப்பினால், நம் ரோட்டை நாமே கெடுத்து வைத்திருக்கிறோம் என்று ஆகும். நம் ரோடே இல்லை என்று பின்வாங்கினால், கலெக்டர் ஆபீஸுக்கு நடவடிக்கை எடுத்தோம் என்று சொன்னது பொய்யாகும். கடைசியில் வெள்ளச்சேதச் சீரமைப்பு வேலைகளோடு இதையும் சேர்த்தார். எங்கள் ஆட்கள் போய் அந்த ஊர் மக்கள் கொட்டிய கல்லைப் பிரித்தெடுத்து, குழாய் வாயைத் திறந்துவிட்டு, அரிப்பைக் கான்கிரீட்டால் கட்டினார்கள். பிரித்த கல்லில் பாதியை அதிலேயே போட்டு நிரப்பினோம், வீணாக்குவானேன்? பெண்கள் வந்து நின்று, "இம்புட்டு வேலையத்தான் நாங்களும் செஞ்சோம்" என்று கிண்டலடித்தார்கள். நோட்டீஸ் மேல் மேற்கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை. செல்லத்தாயி விளக்கம் கொடுத்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாசக் கடைசிக்குள் பஸ் ஊருக்குள் வந்தது.

வகைப்பாடு, அதாவது ரோடு கடைசியில் எந்தப் படியில் நின்றது? அதைக் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெறும்போதும் சென்னையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. மேற்படிச் சாலை தற்போது யார் பராமரிப்பில் உள்ளது என்று. என் இடத்துக்கு வந்தவர் என்ன பதில் எழுதினாரோ, எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்வேன். வகைப்பாடு மாற்றக் கோரிக்கை வந்தால் அகலம், போக்குவரத்து, இணைப்பு எல்லாவற்றையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், கேட்கிறவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று ஒரு தடவை நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர்த் தலைவருக்கும் ரோட்டைப் படி ஏற்றுவதில் ஆசை கிடையாது. செல்லத்தாயி கேட்டது பஸ். அதை முதல் நாளே நான் காதில் வாங்கியிருந்தால் வேறு வழி கிடைத்திருக்குமோ என்னவோ. கிடைத்திருக்காமலும் போயிருக்கலாம்.

சக ஊழியர்கள் என்னைப் பெரிய சாமர்த்தியக்காரி என்கிறார்கள். மேலதிகாரியை வைத்தே ரோட்டை எடுக்க வைத்தாள், பலே ஆள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு, நம்ம ரோடுன்னு போட்டு அனுப்பவா என்ற கேள்வியை நான் விவரத்தோடு கேட்டேனா, பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பயந்து கேட்டேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சில நாள் இப்படித் தெரிகிறது, சில நாள் அப்படித் தெரிகிறது.

போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் செல்லத்தாயியைப் பார்த்தேன். பதவிக்காலம் முடிந்து மறுபடி சிம்மக்கல்லுக்கு வேலைக்குப் போகிறாராம். கையில் தூக்குவாளி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒங்களால எங்க ஊருல இன்னும் சண்டை ஓயல. அந்த நோட்டீஸை நீங்க வெவரமாத்தான் அனுப்புனீகன்னு நாங்க பாதிப் பேரு. இல்ல, மேலதிகாரிக்குப் பயந்து அனுப்புன பயந்தாங்குளின்னு மீதிப் பேரு. இன்னைக்குச் சொல்லிப்புடுங்க, எது நெசம்?"

"எனக்கே தெரியலம்மா" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. "அட விடுங்க மேடம். எதுவா இருந்தா என்ன, நான் ஏறணும்" என்று கையை விட்டுவிட்டுக் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.